பூட்டுச் சின்னமும் துண்டுச் சீட்டும்

டிசம்பர் 14, சனி

மகளிர் குழுவுக்கு பேங்கில் கொடுத்த டைரி இது. வருஷம் பூராவும் அரிசி டிரம்முக்கு அடியில் கிடந்தது. வருஷம் முடியப் போகிற நேரத்தில் இன்றைக்குத்தான் வெளியே எடுக்கிறேன். வேறு வழியில்லை. பேசாமல் இருந்தால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

நேற்று வேட்புமனு கொடுக்கப் போனேன். ஆவாரங்குளம் ஊராட்சி, மூன்றாவது வார்டு மெம்பர் பதவி. நான் ஒழுங்காக வரிசையில் நிற்கிறேன். இப்போதைய மெம்பர் காளிராஜ் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, என்னைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தான். விடுவேனா? நூறு நாள் வேலையில் ஆட்களுக்குப் பொறுப்பாளர் நான். கண்மாயின் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் மண்வெட்டி நிற்கும். அந்தத் தொண்டையை முழுசாகத் திறந்தேன். காளிராஜ் வரிசையின் கடைசிக்குப் போனான். நானும் மனுவைக் கொடுத்துவிட்டு ஜம்மென்று வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் காபி கேட்க வாயைத் திறந்தால் வெறும் காற்று வருகிறது.

இன்று விருதுநகரில் தொண்டை டாக்டரம்மாவைப் பார்த்தோம். குழாயை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குரல் நாண்ல ரத்தம் கட்டியிருக்கும்மா. மூணு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. காதுக்குள்ள கிசுகிசுக்கவும் கூடாது. மீறிப் பேசுனீங்கன்னா ஆயுசுக்கும் இந்தக் காத்துதான்."

மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினேன்: எலெக்‌ஷன்ல நிக்கிறேன். 27ஆம் தேதி ஓட்டு.

"அப்ப எழுதியே ஓட்டுக் கேளுங்க" என்று சிரிக்கிறார். அவருக்கென்ன.

எனக்கு இந்தப் பதவியால் கிரீடம் ஒன்றும் வரப் போவதில்லை. மழை பெய்தால் கீழத்தெரு வாறுகால் நிரம்பி, சாக்கடை வீட்டுக்குள் வருகிறது. காளிராஜிடம் அஞ்சு வருஷமாகச் சொன்னோம். "பாப்போம்" என்றான். அஞ்சு வருஷமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். போன மழையில் பக்கத்து வீட்டு செல்லக்கிளியின் மகனுக்கு டெங்கு வந்தது. பிள்ளை பிழைத்ததே சாமி புண்ணியம். அந்த ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் நிற்பது என்று முடிவு செய்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் சொன்னார்: "நீ பேசாட்டி என்ன புள்ள, நான் இருக்கேன்ல." நல்ல கதை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்து நான் கேட்டதில்லை. நீ முடிக்க விட்டால்தானே என்பாள் செல்லக்கிளி. அவள் கிடக்கிறாள்.

டைரியை இவர் கண்ணில் படாமல் டிரம்முக்கு அடியிலேயே வைக்கிறேன். மனசில் உள்ளதை எழுதிவிட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது.

டிசம்பர் 15, ஞாயிறு

பழைய நோட்டுகளைக் கிழித்து துண்டுச் சீட்டுகளாக்கிக் கட்டு கட்டாக வைத்திருக்கிறேன். இடுப்பில் ஒரு கட்டு, ஜாக்கெட்டில் பேனா. பெரிய அதிகாரி மாதிரிதான் இருக்கிறேன்.

காலையில் குழுக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது இவரிடம் ஒரு சீட்டு கொடுத்தேன்: குக்கரில் அரிசி போடுங்க. மூணு விசில். சீட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மத்தியானம் பசியோடு வந்து பார்க்கிறேன், அரிசி டிரம்மில் இருக்கிறது, குக்கர் கவிழ்த்தபடி இருக்கிறது, இவர் வாசலில் உட்கார்ந்து கரண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். சாந்து பூசுகிற கரண்டி. கொத்தனாருக்கு அந்தக் கரண்டிதான் கண்ணுக்குத் தெரியும்.

குக்கரைத் தூக்கித் தரையில் ஒரு போடு போட்டேன். பேச முடியாதவளுக்குப் பாத்திரம்தான் வாய்.

"எழுத்து பொடிசா இருக்கு புள்ள. கண்ணாடி இல்லாம தெரியல" என்றார்.

சரி, வயது நாற்பத்தெட்டு ஆகிறது, இருக்கும்தான். உடனே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: நாளைக்கே டவுனுக்குப் போய்க் கண்ணாடி வாங்குங்க. அதையும் மடித்துப் பையில் வைத்தார்.

டிசம்பர் 17, செவ்வாய்

கண்ணாடி வாங்கவில்லை.

டிசம்பர் 18, புதன்

நானே இழுத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரெடிமேட் கண்ணாடிக் கடை. கடைக்காரர் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு, எழுத்து அட்டையைக் காட்டி, "படிங்கண்ணே, எந்த வரி தெரியுது?" என்று கேட்கிறார். "எல்லாம் நல்லாத் தெரியுது" என்கிறார் இவர். எதை மாட்டினாலும் நல்லாத் தெரியுதாம். ஒரு வரியையாவது வாய் விட்டுப் படித்தால் என்னவாம்? கடைக்காரர் சலித்துப்போய் கையில் கிடைத்ததைக் கொடுத்தார். அதை மாட்டியதும் ஆள் ரிட்டையர்டு தாசில்தார் மாதிரி இருக்கிறார். டீக்கடையில் தினமும் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இது பொருத்தம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். சீட்டு எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோபம் வந்து பேனாவைத் தேடி எடுப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது. மிச்சப் பாதியை எழுத சீட்டில் இடம் போதவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

சின்னம் ஒதுக்கினார்கள். எனக்கு பூட்டு சாவி. காளிராஜுக்கு ஆட்டோ. சாயங்காலமே அவனுடைய ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக வந்தார்கள்: "வாய்க்குப் பூட்டுப் போட்ட வேட்பாளர்! கூப்பிட்டா திரும்பிப் பாப்பாக, பதில் சொல்ல மாட்டாக!"

செல்லக்கிளி வாசலில் நின்று பதிலுக்குக் கத்தினாள். எனக்காக அவள் கத்தியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் சுருதி பத்தாது அவளுக்கு.

டிசம்பர் 21, சனி

மூன்று நாளாக வீடு வீடாகப் போகிறேன். செல்லக்கிளி கதவைத் தட்டுவாள், நான் கும்பிடுவேன். நான் பேச மாட்டேன் என்று தெரிந்ததும் ஜனங்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அடேயப்பா, இத்தனை நாள் இவர்களுக்குள் இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது? எதிர்த்துப் பேச ஆளில்லை என்றால் மனுஷன் உள்ளதைச் சொல்லிவிடுவான் போல.

சொன்னதையெல்லாம் அந்தந்த வீட்டுப் பேரில் சீட்டாக எழுதினேன். மேலே பேர், நடுவில் அவர்களுடைய குறையும் நான் செய்யப் போவதும், கீழே என் கையெழுத்து, ஓரத்தில் ஒரு பூட்டுப் படம். "பாப்போம்" என்பது வாயிலிருந்து வந்தால் காற்றோடு போகும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் தப்பிக்க முடியாது. தெரிந்தேதான் போட்டேன்.

நூறு வீட்டுக்கு மேல். விரல் வீங்கிவிட்டது. தெருவாரியாகக் கட்டி இவரிடம் கொடுத்து, காளியம்மன் கோவில் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். "இது என்ன பெரிய வேலை" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டிசம்பர் 22, ஞாயிறு

குடி கெட்டது.

காலையில் தர்மர் வாத்தியார் வாசலில் நிற்கிறார். கையில் என் சீட்டு. "ஏம்மா, எனக்கு முதியோர் பென்ஷன் எட்டு மாசமா வரலைன்னு எழுதியிருக்கு. எனக்கு கவர்மென்ட் பென்ஷன் ஒண்ணாந் தேதி டாண்ணு வருதே?" அது சீனியம்மா அத்தைக்கு எழுதிய சீட்டு. வாத்தியார் வீட்டு முக்கில் தெருவிளக்கு எரியவில்லை என்ற சீட்டு, கண் தெரியாத சீனியம்மா அத்தைக்குப் போயிருக்கிறது. ஒருவருக்கும் அவரவர் சீட்டு போகவில்லை. முதல் வீட்டிலிருந்து வரிசையாக, சீட்டுக் கட்டின் மேலே இருந்ததை எடுத்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தெருவெல்லாம் சிரிப்பு. காளிராஜ் ஆட்கள் மைக்கில் வேறு சொல்லிவிட்டார்கள்: "பேச்சும் போச்சு, புத்தியும் போச்சு!"

ஆத்திரம் தாங்கவில்லை. பேனாவை எடுத்து ஒரு அழுத்து அழுத்தி எழுதினேன்: எழுதியிருக்கிற பேரைப் பாத்துக் குடுக்கக்கூட முடியாதா? உங்களக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தக் கண்டேன்? சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"சரி புள்ள. செஞ்சிருவோம்" என்றார்.

பேனாவை மூடி வைத்தேன். பிறகு உள்ளே போய் அவருக்கு மோர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சீட்டுக் கட்டை நான்தான் மாற்றி அடுக்கிவிட்டேன். அவர் மேல் தப்பில்லை. செல்லக்கிளி வந்து கேட்டபோதும் அப்படியே எழுதிக் காட்டினேன்.

இந்த டைரியை இனி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைக்கத் தேவையில்லை. இல்லை, வெளி ஆட்கள் வருகிற வீடு. பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

டிசம்பர் 23, திங்கள்

இன்றிலிருந்து வீட்டுச் சீட்டுகளில் படம்தான் போடுகிறேன். எழுதுவதைவிடச் சீக்கிரம் முடிகிறது, அதனால்தான். கத்திரிக்காய் வரைந்து கொடுத்தேன், மாங்காய் வாங்கி வந்தார். என் படம் அந்த லட்சணம்.

கோவில் தெருவில் ஒரு அதிசயம் நடக்கிறது. தப்பாக வந்த சீட்டை யாரும் தூக்கிப் போடவில்லை. பேர் பார்த்து உரிய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். போகிறவர்கள் சும்மா கொடுப்பார்களா? படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். வாத்தியார் சீனியம்மா அத்தை வீட்டுக்குப் போய்ச் சீட்டை வாசித்துக் காட்டியிருக்கிறார். "எட்டு மாசமா? ஒரே தெருவுல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியாமப் போச்சே ஆத்தா" என்று அங்கேயே உட்கார்ந்து மனு எழுதிவிட்டாராம். அத்தை பதிலுக்கு, "உங்க வீட்டு முக்குல லைட்டு இல்லையாமே, பாத்து நடங்க வாத்தியாரே" என்றிருக்கிறாள். அத்தைக்குக் கண் தெரியாது.

சாயங்காலம் வரை வீட்டில் ஆள் வந்துகொண்டே இருந்தது. என்னால் பேச முடியாததால் எல்லாவற்றையும் இவரிடம் சொன்னார்கள். இவர் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற தெருக்காரர்கள் கோபமாக வந்தார்கள்: "எங்க தெருவுக்கு மட்டும் ஏன் மதினி சீட்டு வரல?" உடனே கொடுத்தேன். வேண்டுமென்றே மாற்றித்தான் கொடுத்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

காளிராஜும் சீட்டு அச்சடித்திருக்கிறானாம். எல்லாருக்கும் ஒரே சீட்டு. போகட்டும்.

டிசம்பர் 25, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு பிரசாரம் முடிகிறது. ஊர்ப் பொதுவில் மூன்று மணிக்குக் கோவில் திடலில் மேடை போட்டு, இரண்டு வேட்பாளரும் வந்து பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் நாலு பக்கம் எழுதி, முதல் பக்கத்து உச்சியில் பெரிதாகப் பூட்டுப் படம் போட்டு வைத்திருந்தேன். செல்லக்கிளி வாசிப்பதாக ஏற்பாடு.

முதலில் காளிராஜ் பேசினான். "ஊராட்சிக் கூட்டத்துல வாய் தொறந்து கேக்குறவன்தான் உங்களுக்கு வேணும். சீட்டு எழுதி நீட்டுனா பிரசிடென்ட் அதுல வடை மடிச்சுத் திம்பாரு" என்றான். சனங்கள் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, சண்டாளன்.

செல்லக்கிளி தாளோடு மேடை ஏறினாள். அவன் மைக்கை விடவில்லை. "அடுத்த வீட்டுப் பொம்பள எதுக்குங்க? குருவையா அண்ணன் இங்கதான இருக்காரு? புருஷன் வாசிச்சாத்தான அது வெள்ளத்தாயி பேச்சு? இல்ல, அண்ணனுக்கும் பூட்டுப் போட்டாச்சா?"

கூட்டம் கைதட்டியது. "ஏறுங்கண்ணே!" என்று நாலு பேர் இவரைத் தள்ளி மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஒன்றும் தெரியாத செல்லக்கிளி தாளை இவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினேன். நூறு பேர் முன்னால் இந்த மனுஷன் தலை குனிய நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? மெம்பரும் வேண்டாம், குரலும் வேண்டாம். டாக்டரம்மா சொன்னது நினைவில் இருந்தது. நினைவோடுதான் வாயைத் திறந்தேன்.

அவர் பார்த்துவிட்டார். கையை என் பக்கம் நீட்டி, மைக்கிலேயே சொன்னார்: "வாய மூடு புள்ள. மூணு வாரம் இன்னும் முடியல."

திடலே அதிரச் சிரித்தது. அவர் கண்ணாடியை மாட்டினார். தாளை விரித்தார். வெயில் ஊடுருவிய தாளில், மேலே இருக்க வேண்டிய பூட்டு கீழே தொங்கியது. மேடையை ஒட்டி நின்ற எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் வெள்ளத்தாயி பேசுறேன்" என்று தொடங்கினார். மறுபடி சிரிப்பு. "பாப்போம்ங்கிற வார்த்தை இனிமே இந்த வார்டுல கெடையாது. பாத்துட்டு வந்து சொல்லு. இல்லாட்டி வாய மூடிக்கிட்டு இரு."

என் பேச்சு. என் வாயில் வருகிற அதே பேச்சு, அதே இழுப்பு. இடுப்பில் கை வைத்துக் கழுத்தை வெட்டித் திருப்புவதுகூட நான்தான். பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அப்புறம் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். சீனியம்மா அத்தையின் எட்டு மாசம், வாத்தியார் வீட்டு முக்கு, கீழத்தெரு வாறுகால், பள்ளிக்கூடத்துக் குழாய். ஒரு வீடு விடவில்லை. நான் தாளில் எழுத மறந்த வீட்டைக்கூட அவர் விடவில்லை. நடுநடுவே விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தை வேறு திருப்பிக்கொண்டார். எத்தனை வருஷத்துப் பழக்கமோ அது.

கடைசியில் சொன்னது நான் எழுதாதது. "வெள்ளத்தாயி சத்தம் போடுறான்னு எல்லாரும் சொல்றீக. அவ போட்ட சத்தத்துல ஒண்ணாவது அவளுக்காகப் போட்டதா? வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்துட்டு ஓட்டுப் போடுங்க." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

கைதட்டல் அடங்கவே இல்லை. காளிராஜ்கூட ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஊர் பார்த்தது. பார்க்கட்டும்.

டிசம்பர் 27, வெள்ளி

ஓட்டுப்பதிவு. என் சீட்டை பூத் சிலிப் என்று நினைத்து முக்கால்வாசிப் பேர் கையில் கொண்டு வந்துவிட்டார்கள். "சின்னம் போட்ட காகிதத்த உள்ள கொண்டு வரக் கூடாதும்மா" என்று போலீஸ்காரர் திருப்பி அனுப்பி அனுப்பி ஓய்ந்துபோனார். வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னால் சீனியம்மா அத்தை போலீஸ்காரரிடமே நீட்டினாளாம்: "பத்திரமா வச்சிரு ராசா, அவ கையெழுத்துப் போட்டது. திரும்பி வந்து வாங்கிக்கிறேன்."

ஜனவரி 2, வியாழன்

ஜெயிச்சாச்சு.

பத்தொன்பது ஓட்டு வித்தியாசம். கத்த முடியவில்லையே என்று இருந்தது. எண்ணும் இடத்து வாசலில் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்து அடித்து நெளித்துவிட்டேன். கீழத்தெருப் பெண்கள் எனக்கும் சேர்த்துக் குலவை போட்டார்கள். இந்தத் தடவை செல்லக்கிளிக்குச் சுருதி பத்தியது.

ஜனவரி 4, சனி

"ரத்தக்கட்டு கரைஞ்சிருச்சு. மெதுவா ஏதாவது பேசுங்க" என்றார் டாக்டரம்மா.

"ஏங்க" என்றேன். கரகரவென்று வந்தது, ஆனால் வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். "என்ன புள்ள?"

ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 6, திங்கள்

பதவி ஏற்றுக்கொண்டேன். உறுதிமொழியை நானே வாசித்தேன், மைக்கில் மெதுவாக, ஆனால் வாசல் வரை கேட்கும்படி. வார்டில் நூறு வீட்டில் என் கையெழுத்து இருக்கிறது. இன்றைக்கே இரண்டு பேர் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டார்கள். வாறுகால் அளக்க நாளைக்கு ஆள் வருகிறது.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இவர் சாந்துக் கரண்டி வைக்கிற பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். திறந்தால், இந்த மூன்று வாரமாக நான் கொடுத்த சீட்டுகள். ஒன்று விடாமல் இருந்தன.

"இப்பத்தான் குரல் வந்திருச்சுல்ல. என்ன எழுதியிருந்தன்னு வாசிச்சுக் காட்டு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். கண்ணாடி வாங்கச் சொல்லி எழுதின சீட்டு வந்தபோது அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். கத்திரிக்காயை நீட்டி, "இது மாங்கா" என்று அவரே வாசித்தார்.

அப்புறம் அந்தச் சீட்டு வந்தது. வீடு மாறிச் சீட்டு போன ஞாயிற்றுக்கிழமை எழுதினது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு எழுதியிருக்கேன்" என்றேன்.

"பொய் சொல்லாத" என்றார். சீட்டை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இது கோவத்துல எழுதுனது. பேனா அழுந்தி இந்தப் பக்கம் மேடு தட்டியிருக்கு பாரு. சொவர் பூசுற கைக்கு இது தெரியாதா? அன்னைக்கே தெரியும். உள்ளத வாசி."

வாசித்தேன். பேரைப் பாத்துக் குடுக்கக்கூட முடியாதா என்பதையும், என்ன சுகத்தக் கண்டேன் என்பதையும், ஒரு எழுத்து விடாமல் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவர் தலையை ஆட்டிக் கேட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்க" என்று சொல்லிச் சிரித்தார். எல்லாச் சீட்டையும் திரும்ப டப்பாவில் அடுக்கினார். அடியில் கிடந்த முதல் சீட்டை மட்டும் தனியே எடுத்து, "இது என்ன சொன்ன?" என்று மறுபடி கேட்டார்.

"குக்கரில் அரிசி போடுங்க. மூணு விசில்."

"சரி புள்ள. செஞ்சிருவோம்" என்று எழுந்து போய் அரிசி களைந்தார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது விசில் வருகிறது.